எல்லாம் கனவு மாதிரி இருக்கு

(தூத்துக்குடியில் பொதுமக்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்றைக்கு நான் பேச வந்திருப்பது ஸ்கேனில் தெரியாத, ரத்தப் பரிசோதனையில் சிக்காத ஒரு வேதனையைப் பற்றி. இந்த அரங்கில் சிலருக்காவது அது வந்திருக்கும். வந்தவர்களில் பாதிப் பேர் வீட்டில்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். சொன்னால் என்ன நினைப்பார்களோ என்ற பயம்.

ஒரு நாள் திடீரென்று எதிரே இருக்கிற தெரு, தெருவாகவே இருக்கும். ஆனால் வரைந்து வைத்த படம் போலத் தட்டையாகத் தெரியும். அம்மா பேசுவது காதில் விழும், அர்த்தமும் புரியும், ஆனால் குரல் எங்கோ தொலைவிலிருந்து வரும். நாம் பேசும்போது வேறு யாரோ பேசுவதை நாம் பக்கத்தில் நின்று கேட்பது போலிருக்கும். நம் ஊர்ப் பிள்ளைகள் இதைச் சொல்லும் விதம் எனக்குப் பழக்கம். "எல்லாம் கனவு மாதிரி இருக்கு", "நான் நானா இல்ல", "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் இருக்காங்க". ஒரு பையன் சொன்னான்: "சிரிக்கேன் சார், ஆனா சிரிக்கது யாருன்னு தெரியல."

மருத்துவத்தில் இதற்கு இரண்டு பெயர்கள் உண்டு. தன்னிடமிருந்தே தான் விலகி நிற்பது டிபர்சனலைசேஷன். உலகம் உண்மையற்றதாகத் தோன்றுவது டிரியலைசேஷன். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும். ஜெனீவாவில் அமியேல் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். 1881-ல் இறந்துபோனார். தன் வாழ்க்கையைத் தானே கல்லறைக்கு அப்பாலிருந்து பார்ப்பது போன்ற உணர்வை அவர் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தார். அதைப் படித்த பிரெஞ்சு அறிஞர் லுடோவிக் துகா, 1898-ல் அந்த நாட்குறிப்பிலிருந்தே முதல் பெயரை எடுத்து மருத்துவ உலகுக்குத் தந்தார். ஆக, நூற்றி இருபது வருடங்களுக்கு மேலாகப் பெயர் வைத்து அறியப்பட்ட ஒன்று இது. இதை அனுபவிக்கும் முதல் ஆள் தான்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த நினைப்புத்தான் முதல் பாரம்.

சில நிமிடங்களோ சில மணி நேரமோ இப்படித் தோன்றிப் போவது மிகச் சாதாரணம். நாலு நாள் தூக்கமில்லாமல் பரீட்சைக்குப் படித்தவனுக்கு வரும். காய்ச்சலில் வரும். வீட்டில் சாவு விழுந்த அன்று வரும். விலகாமல் நிலைத்து, வேலையையும் படிப்பையும் கெடுக்கிற அளவுக்குப் போவது ஏறக்குறைய நூற்றில் இரண்டு பேருக்கு. ஆண், பெண் என்ற பேதம் இதற்கில்லை. சராசரியாகப் பதினாறு வயதில் தொடங்குகிறது. பதினாறு வயதுப் பிள்ளை இதை யாரிடம், எந்த வார்த்தையில் சொல்லும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போதே ஒன்றை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்கத்தான் சிலர் வந்திருப்பீர்கள். இது பைத்தியம் பிடிப்பதன் ஆரம்பம் அல்ல. புத்தி பேதலித்தவருக்குத் தான் காண்பது மெய் என்ற உறுதி இருக்கும். இங்கே நடப்பது அதற்கு நேர் எதிர். "கனவு மாதிரி இருக்கு" என்று சொல்கிறவருக்கு அது கனவில்லை என்பது நன்றாகத் தெரியும். அந்த 'மாதிரி' இருக்கும்வரை அறிவு தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. மருத்துவர்கள் கேட்டறிவதும் அதைத்தான்.

சரி, ஏன் வருகிறது? காரணங்கள் பல. ஆனால் நான் பார்த்தவரையில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வாசல் பதற்றம்தான். அது புரிய, உண்மையான ஆபத்தில் மனம் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

ஆல்பர்ட் ஹைம் என்ற சுவிஸ் நிலவியலாளர், மலையிலிருந்து தவறி விழுந்து பிழைத்தவர்களை விசாரித்து 1892-ல் ஒரு கட்டுரை எழுதினார். விழுந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் பயமோ வலியோ தெரியவில்லை, யாருக்கோ நடப்பதுபோல அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று பலர் சொன்னார்கள். நமக்கு சுவிட்சர்லாந்து வரை போக வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டத்தில் யாராவது மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு மாட்டிக்கொண்ட நூற்றுக்கணக்கான பயணிகள். கழுத்தளவு தண்ணீரில் நின்றவர்களிடம் பின்னால் பேசினால், "சினிமா பாக்க மாதிரி இருந்துச்சு, ஒண்ணுமே தோணல" என்பார்கள். உயிருக்கு ஆபத்து என்று மூளை கணிக்கும்போது உணர்ச்சியின் சத்தத்தைத் தானே குறைத்துவிடுகிறது. அந்த நேரத்தில் அது நம்மைக் காப்பாற்றுகிறது. கைகால் உறையாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடியேற வைக்கிறது.

லண்டனில் மாட்ஸ்லி மருத்துவமனையைச் சார்ந்த ஆய்வாளர்கள் இந்த விலகல் விலகாமல் நிலைத்துப்போனவர்களுக்கு அருவருப்பூட்டும் படங்களைக் காட்டி மூளையைப் படம்பிடித்தார்கள். 2001-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மற்றவர்களுக்கு அப்போது விழித்தெழும் இன்சுலா என்ற பகுதி இவர்களுக்கு அடங்கிக் கிடந்தது. உணர்ச்சியைக் கட்டுக்குள் வைக்கும் முன்மூளைப் பகுதி கூடுதலாக வேலை செய்தது. வெள்ளம் வந்தால் இது நியாயம். வெள்ளமே இல்லாமல், மனதுக்குள் ஓயாமல் அபாயமணி அடித்துக்கொண்டிருப்பவனுக்கும் மூளை இதையேதான் செய்கிறது. அதற்கு வித்தியாசம் தெரிவதில்லை.

இரண்டாவது வாசல் மூச்சு. இதைப் பற்றி முத்துக்குளித் துறையில் நின்று பேசுவதில் எனக்கு ஒரு பெருமிதம் உண்டு.

1961-க்குப் பிறகு நம் கரையில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கடலடி முத்துப் பார்களில் சிப்பி அற்றுப்போனது. ஆனால் குளித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். உங்கள் தாத்தா இடுப்பில் கயிறும் வலைப்பையும் கட்டி, கல்லில் காலை ஊன்றி, ஒரே மூச்சில் பல பாகம் ஆழத்துக்குப் போனவர். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். மச்சானைத்தான் கயிறு பிடிக்கச் சொல்வார்கள், தங்கச்சி தாலிக்காகவாவது அவன் கையைத் தளர்த்த மாட்டான் என்று கரையில் ஒரு பேச்சுண்டு.

இன்றும் உலகெங்கும் மூச்சடக்கி மூழ்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை சொல்லித் தருவார்கள். இறங்குமுன் வேகவேகமாக ஆழமூச்சு இழுத்துவிடாதே. அப்படிச் செய்தால் உடம்பில் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை. கரியமில வாயுதான் அளவுக்கு மீறி வெளியேறுகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். தலை லேசாகும், உதடும் விரல்நுனியும் மரத்துப்போகும், சத்தம் தொலைவாகும், சுற்றியுள்ளது எல்லாம் பொய்போலத் தோன்றும். தண்ணீருக்குள் என்றால் நினைவு தப்பி உயிரே போகலாம்.

பதற்றத்தில் இருக்கிறவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இதைச் செய்துகொண்டிருக்கிறார். பெருமூச்சு, கொட்டாவி, நெஞ்சின் மேல்பகுதியில் மட்டும் குட்டிக்குட்டி மூச்சு. நாள் முழுக்க. மாலையில் கிறுகிறுப்பு, விரல் நமநமப்பு, எல்லாம் கனவு மாதிரி. கரையில் இருப்பதால் பொதுவாக நினைவு தப்பிப் போய்விடாது, பயப்பட வேண்டாம். வாயை மூடி, மூக்கு வழியாக, அவசரமில்லாமல் மூச்சை வெளிவிடும் நேரத்தைக் கூட்டினால் சில நிமிடங்களில் இந்தப் பங்கு மட்டும் இறங்கிவிடும். முழுதும் இறங்காது. ஆனால் இது செய்வினையோ காற்று கருப்போ இல்லை, உடம்பின் கணக்கு என்பது அப்போது கைமேல் தெரியும்.

முத்துக்குளிப்பைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த வளைகுடாவைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, சுறாக்களை மந்திரத்தால் கட்டுகிறவர்களைப் பற்றியும் எழுதினார். கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி. கட்டு அன்றைய பகலுக்கு மட்டும்தான், இரவில் அவிழ்த்துவிடுவார்கள். கடல்கட்டி என்ற அந்தப் பதவி பல நூற்றாண்டு நிலைத்தது. ஆங்கிலேயர் இதை மூடநம்பிக்கை என்றுதான் நினைத்தார்கள். ஆனாலும் கடல்கட்டி வராமல் குளியாட்கள் இறங்க மாட்டார்கள் என்பதால் அவருக்கு அரசுச் செலவிலேயே படியளந்தார்கள்.

மந்திரம் சுறாவைக் கட்டியதா என்ற விசாரணையை நான் விட்டுவிடுகிறேன். என்னைத் தொடுவது வேறு. பயத்துக்கென்று ஓர் ஆளை நியமித்து, அவருக்குப் பங்கும் ஒதுக்கி, பயத்தை வரவு செலவுக் கணக்கிலேயே எழுதி வைத்த கரை இது. கடலில் இறங்குகிறவன் பயப்படுவான் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அதே கரையில் இன்று ஒரு பிள்ளை "பயமா இருக்கு, ஒரு மாதிரியா வருது" என்றால், "ஆம்பளப் பிள்ளைக்கு என்னலே பயம்?" என்கிறோம். நாம் எதை இழந்திருக்கிறோம் என்று பாருங்கள்.

எனக்கும் இந்த விலகல் இருந்தது. கல்லூரிக் காலத்தில் தொடங்கி நெடுநாள் இருந்தது. பீச் ரோட்டில் ஒரு டீக்கடை. கண்ணாடி டம்ளரைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தேன். நகத்தடியில் மை, நடுவிரலில் பேனா அழுத்திய காய்ப்பு, எல்லாம் என்னுடையதுதான். ஆனால் அந்தக் கை என்னுடையதாக இல்லை. சூடு தெரிந்தது, சூடு எனக்குத்தான் தெரிகிறது என்பது தெரியவில்லை. டம்ளரை வைத்துவிட்டு விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தேன். அன்றிரவு கண்ணாடி முன்னால் நின்று முகத்தைப் பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன். இப்போது சரியாகிவிட்டதா, இப்போது? எழுந்ததும் முதல் வேலை அதுதான். ஜன்னலைப் பார்ப்பேன். வெளிச்சம் நிஜமாக இருக்கிறதா?

புண்ணை நோண்டிக்கொண்டே இருந்தால் ஆறுமா? இந்த நோய் நீடிப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. பயம் விலகலைக் கொண்டுவருகிறது. விலகலைக் கண்டு புதிய பயம். புதிய பயத்தால் மேலும் விலகல். நடுவில் ஓயாத சோதனை. யாராக இருந்தாலும் ஒரு மணி நேரம் கண்ணாடியில் தன் முகத்தையே வெறித்துப் பார்த்தால் அது அந்நியமாகிவிடும். நாம் அதை நாள் முழுக்கச் செய்துவிட்டு, 'இன்னும் அந்நியமாகவே இருக்கிறதே' என்று கலங்குகிறோம். எலைன் ஹண்டர் முதலிய லண்டன் ஆய்வாளர்கள் 2003-ல் இந்தச் சுழலை விளக்கி அதற்கேற்ற சிந்தனை-நடத்தைச் சிகிச்சையை வகுத்தார்கள். அதன் சாரம், சோதிப்பதை நிறுத்துவது, கவனத்தை வெளியே திருப்புவது, இந்த உணர்வுக்குப் பயந்து தவிர்த்த இடங்களுக்கு மீண்டும் போவது.

இங்கே நம் மண்ணுக்கே உரிய ஒரு குழப்பத்தைத் தொட வேண்டும். "உலகமே மாயை என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தானோ, எனக்கு ஞானம் வந்துவிட்டதோ?" என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. ரமணரையே எடுத்துக் கேட்பார்கள். திருச்சுழியில் பிறந்தவர் அவர். 1896 ஜூலையில் மதுரையில் சிற்றப்பா வீட்டு மாடியில் தனியே இருந்தபோது, பதினாறு வயதில், அவருக்குக் காரணமே இல்லாமல் மரணபயம் வந்தது. ஓடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போல விறைத்துப் படுத்து, சாவது எது என்று விசாரித்தார். அத்தோடு மரணபயம் ஒரேயடியாகப் போனது என்று அவரே பின்னாளில் சொன்னார். செப்டம்பர் முதல் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்துவிட்டார்.

பணிவோடு சொல்கிறேன், அவருக்கு நேர்ந்ததை அளக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் உங்களுக்கு நேர்வதைப் பிரித்தறிய ஒரு வழி சொல்ல முடியும். அவருக்குப் பயம் அற்றுப்போனது. உங்களுக்குப் பயம் கூடுகிறதா? தாயைப் பார்த்தால் பாசம் எழாமல், அது எழவில்லையே என்று தவிக்கிறீர்களா? அப்படியானால் அது ஞானம் அல்ல, வேதனை. வேதனைக்கு மருத்துவம் உண்டு. இந்த நிலையில் இருப்பவர்கள் தனியாக உட்கார்ந்து மணிக்கணக்கில் தியானம் செய்வதை நான் ஊக்குவிக்க மாட்டேன். உள்ளே பார்ப்பது ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சிவிட்டது.

கஞ்சாவைப் பற்றி ஒரு வார்த்தை, இளைஞர்களுக்கு. ஒரே ஒரு தடவை இழுத்துவிட்டு, அன்று தொடங்கிய விலகல் மாதக்கணக்கில் போகாமல் வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே பதற்றம் உள்ளவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். தொடாதீர்கள்.

இனி, ஏன் மறைக்கிறோம் என்ற கேள்வி. ஏர்வாடி இங்கிருந்து தூரமில்லை, இதே வளைகுடாக் கரைதான். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே தனியார் விடுதி ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர். மனம் சரியில்லை என்று ஒரு முறை வாய்விட்டுச் சொன்னால் சங்கிலிதான் என்ற பயம் இந்தப் பக்கத்து மக்களின் எலும்பில் இறங்கியிருக்கிறது. அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் அதன்பிறகு சட்டம் மாறியிருக்கிறது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது, சிகிச்சை பெறுவதை உரிமையாக்குகிறது. ஏர்வாடி தர்காவிலேயே இப்போது பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்கிறார்கள். பனிமய மாதாவிடம் மெழுகுவர்த்தி ஏற்றுங்கள், திருச்செந்தூருக்கு நடந்து போங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். வரும் வழியில் மருத்துவரையும் பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

மருத்துவரிடம் போனால் என்ன நடக்கும்? முதலில் உடம்பைப் பார்ப்பார். சில வகை வலிப்பு, ஒற்றைத் தலைவலி, தைராய்டு, உள்காதுக் கோளாறு, தலையில் பட்ட அடி, இவையும் இப்படித் தோற்றம் காட்டும். அவை இல்லை என்று தெரிந்தபின் அடியில் கிடக்கும் பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ சிகிச்சை தொடங்கும். விலகல் உணர்வுக்கு மட்டும் என்று தனி மாத்திரை இதுவரை இல்லை. உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் இரண்டு வாரத்தில் போகவில்லையே என்று நிறுத்திவிடுவீர்கள். பதற்றம் இறங்க இறங்க இதுவும் இறங்கும், மெதுவாக. மருந்துக் கடையில் தூக்க மாத்திரையை நீங்களாகவே வாங்கிப் போடும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

என் விலகலிலிருந்து நான் மெல்ல வெளியே வந்தது திரேஸ்புரத்து மீன் ஏலத்தில். நான் பார்த்த மருத்துவர், "அந்த உணர்வு போகட்டும் என்று காத்திருக்காதே, அதையும் கூட்டிக்கொண்டு போ" என்றார். போனேன். விடிகாலையில் படகுகள் வந்து நிற்கும். மணலில் கூறு கூறாகச் சாளை. ஒரு பக்கம் சீலா, ஒரு பக்கம் விளமீன், பாறை. ஏலம் கூறுகிறவர் விலையைச் சொல்லும் வேகத்துக்கு ஈடுகொடுக்க நினைத்தால் வேறெதையும் நினைக்க முடியாது. ஒரு பாட்டி கூடையை என் காலில் இடித்து, "தள்ளி நில்லுய்யா, மரம் மாதிரி நிக்க" என்று அதட்டினாள். கால் வலித்தது. வலி எனக்குத்தான் வலித்தது. அன்றைக்கே குணமாகவில்லை. திரும்பி வரும்போது தெரு பழையபடி தட்டையாகிவிட்டது. ஆனால் தட்டையான தெருவிலேயே நடந்துபோய்க் கருவாட்டுக்கும் காய்கறிக்கும் பேரம் பேச முடியும் என்று தெரிந்துகொண்டேன். மறுவாரமும் போனேன். பிறகு ஒரு நாள், கவனித்துப் பல நாளாகிவிட்டது என்பதையே கவனித்தேன்.

உப்பளத்தில் விடியுமுன் இறங்குகிறவர்கள், துறைமுகத்தில் இரவு ஷிப்டு பார்க்கிறவர்கள், மாதக்கணக்கில் கப்பலில் இருந்துவிட்டு வருகிறவர்கள், நீட் தேர்வுக்குத் தூங்காமல் படிக்கிற பிள்ளைகள், இவர்களுக்கு முதல் மருந்து தூக்கம். தூக்கம் கெட்ட மனதில் இது எளிதில் குடியேறும். முதலாளிமார்களும் பெற்றோரும் இதைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வீட்டாருக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்கள் பிள்ளை ஒருநாள் அடுக்களை வாசலில் வந்து நின்று, "அம்மா, எல்லாம் கனவு மாதிரி இருக்கு" என்று சொல்லலாம். சிரிக்காதீர்கள், திட்டாதீர்கள், "போனை நோண்டாம இருந்தா சரியாகும்" என்று முடித்துவிடாதீர்கள். "இப்ப சரியாயிட்டா, இப்ப சரியாயிட்டா" என்று நேரத்துக்கு ஒருமுறை கேட்காதீர்கள், அதுவும் சோதனைதான். கையைப் பிடித்து உட்கார வைத்து, எப்போதிலிருந்து என்று கேளுங்கள். செத்துவிடலாம் போலிருக்கிறது என்று ஒரு சொல் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். டெலி மானஸ், 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது, இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. இந்த எண்ணை இப்போதே உங்கள் போனில் பதிந்துகொள்ளுங்கள். பதியும்வரை நான் காத்திருக்கிறேன்.